கோழிகள் கூண்டில் அடைய மறுக்கும்போது: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழிமுறை

மாலைதோறும் கோழிகளை வேலிக்கும் கிணற்றடிக்குமாக விரட்டிப் பிடித்துக் கூண்டுக்குள் தள்ள வேண்டியிருக்கிறது என்றால், குறை பெரும்பாலும் கோழியிடம் இல்லை, கூண்டில் இருக்கிறது. பொழுது சாயும்போது பாதுகாப்பான இடம் தேடி அடைவது கோழியின் பிறவிக் குணம். அது ஓர் இடத்தை மறுக்கிறது என்றால் அங்கே அதற்கு ஏதோ ஒன்று ஒவ்வவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் குச்சியெடுத்து விரட்டினால், கூண்டு என்றாலே அச்சம் என்று கோழி பழகிக்கொள்ளும். அடுத்த நாள் வேலை இரட்டிப்பாகும். புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்போரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று நாள் பாருங்கள்

எந்த மாற்றமும் செய்வதற்கு முன் மூன்று மாலைகள், கூண்டிலிருந்து பத்தடி தள்ளி அசையாமல் அமர்ந்து கவனியுங்கள். கோழி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. சென்னையில் நவம்பர் பிற்பகுதியில் 5.40 மணியளவில் மறையும் சூரியன் ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவில்தான் மறைகிறது என்பதால், ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கே கூண்டை மூடுகிறவர் சில மாதங்களில் கோழிகளை வெளியே விட்டு மூடுவார், சில மாதங்களில் மேய்ச்சல் முடியாத கோழிகளோடு போராடுவார். கோழியின் கண் பகல் வெளிச்சத்துக்கு அமைந்தது; மங்கலில் அதற்குப் பார்வை மிகவும் குறைவு. ஆகவே மங்கத் தொடங்கும் அந்த அரை மணி நேரத்தில் அது எடுக்கும் முடிவுதான் இரவு முழுவதையும் தீர்மானிக்கிறது.

அத்துடன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் விளக்கை விரலிடுக்கில் மறைத்துப் பிடித்து, எந்தக் கோழி எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். காலையில் எச்சம் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். கோழிகள் ஏறி அமர்ந்து உறங்கக் கூண்டுக்குள் குறுக்கே போட்ட கழிக்கு நேர் கீழே வரிசையாக எச்சம் கிடந்தால் கோழிகள் அமைதியாக உறங்கியிருக்கின்றன. தரையெங்கும் சிதறிக் கிடந்தாலோ முட்டையிடும் பெட்டிக்குள் கிடந்தாலோ, கீழே வரும் அறிகுறிகளில் ஏதாவது ஒன்று உங்கள் கூண்டுக்குப் பொருந்தும்.

புதிதாக வாங்கிய கோழிகள் கூண்டைத் திரும்பிப் பாராமல் மரத்தில் ஏறுகின்றன

மரத்தில் ஏறுவது கோழிக்குக் கெட்ட பழக்கம் அன்று, பழைய பழக்கம். வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும், நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியும் இரவில் மரக்கிளையில்தான் அடைகின்றன. நம் கோழிகளில் பலவற்றின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். காட்டுக்கும் நம் கொல்லைக்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான். சிறுவிடைக் கோழி உடல் இலேசானது என்பதால் எளிதாக மேலே ஏறிவிடும். கனத்த பெருவிடைக்கு அது அவ்வளவு எளிதன்று.

செய்ய வேண்டியது: வாங்கி வந்த அன்றே மேய விடாமல், தீனியும் தண்ணீரும் உள்ளே வைத்து ஏழு நாள் கூண்டிலேயே அடைத்து வையுங்கள். கூண்டு சிறியதாக இருந்தால் அதன் முன்னால் வலைகட்டி ஒரு சிறு முற்றம் அமைத்துக் கொடுக்கலாம். எட்டாம் நாள் காலையில் திறக்காமல், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்துவிடுங்கள். அந்தச் சிறு பொழுதில் அவை தொலைவு போகா. இருட்டத் தொடங்கியதும் ஏழு இரவு உறங்கிய இடத்துக்கே திரும்பும். "பா… பா… பா" என்று ஒரே குரலில் அழைத்து, ஒரு கைப்பிடி கம்போ நொய்யரிசியோ கூண்டுக்கு உள்ளே மட்டும் இறையுங்கள். மாலைத் தீனியைக் கூண்டுக்கு வெளியே ஒரு நாளும் போடக்கூடாது.

இந்த ஒரு வாரப் பொறுமை இல்லாமல் நான் ஆறு சிறுவிடைப் பெட்டைகளை வந்த மறுநாளே மேய விட்டேன். ஆறும் முருங்கை மரத்தில் ஏறின. முருங்கைக் கிளை எளிதில் முறியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஐப்பசி மழையில் ஒரு நள்ளிரவு கிளை முறிந்து விழ, மறுநாள் காலை நான்கைத்தான் எண்ண முடிந்தது. அதன் பிறகு அந்த நான்கையும் மரத்திலிருந்தே பழக்கினேன். நன்றாக இருட்டி ஒரு மணி நேரம் ஆன பின் கோழி அரைத் தூக்கத்தில் இருக்கும். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் இரு சிறகுகளையும் அணைத்து எடுத்தால் சத்தம் போடாமல் வரும். கூண்டில் நுழைந்து கழியில் கால் பதியும்படி மெதுவாக அமர்த்த வேண்டும், தரையில் விடக்கூடாது. ஆறாம் நாள் மூன்று தாமாக வந்தன, ஒன்றுக்கு மேலும் நான்கு நாள் பிடித்தது.

ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை வெட்டிவிடச் சொல்வார்கள். வளர்ந்து முடிந்த இறகை வெட்டினால் வலி இல்லைதான். ஆனால் பகலில் நாய் துரத்தும்போது தப்பிக்க அந்தக் கோழிக்கு வேறு வழி இராது. நான் வெட்டுவதில்லை.

நேற்று வரை ஒழுங்காக அடைந்த கோழிகள் திடீரென மறுக்கின்றன

இதைத்தான் எல்லாவற்றிலும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பழகிய கூண்டைக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெறுத்தால், உள்ளே இரவில் மட்டும் வருகிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். அது பாம்பாகவோ எலியாகவோ இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது செள்ளு.

செள்ளுப் பூச்சிகளில் ஒரு வகை கோழியின் உடம்பிலேயே வாழும். இன்னொரு வகை பகல் முழுவதும் கழியின் விரிசலிலும் பலகை இடுக்கிலும் மறைந்திருந்து, இரவில் மட்டும் ஊர்ந்து வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும். பகலில் கோழியைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். கோழி உண்ணியும் இதே போல் மண்சுவரின் வெடிப்பிலும் மரப்பட்டைக்குள்ளும் பகலைக் கழிக்கும் பூச்சியே. அது கடிப்பதோடு காய்ச்சல் நோயையும் பரப்பும்.

இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கோழிகள் அமர்ந்திருக்கும் கழியின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். என் கூண்டில் அப்படித் துடைத்தபோது, மேலே பார்க்கச் சுத்தமாக இருந்த மூங்கில் கழியின் அடியிலிருந்து துணியில் இரண்டு விரல் அகலத்துக்குச் செந்நிறக் கறை இழுபட்டது. டார்ச்சை அருகில் கொண்டுபோனால், மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல் கணுவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. இரத்தம் குடிக்காத பூச்சி சாம்பல் நிறமாகத் தூசி போலவே இருக்கும், குடித்த பிறகுதான் சிவக்கும். கோழிகளின் கொண்டை வெளுத்திருந்ததற்கும் முட்டை குறைந்திருந்ததற்கும் தீனிதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இதைத் தீர்க்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கோழிகளை அன்று பஞ்சாரத்தில், அதாவது கோழி மூடும் பெரிய கூடையில், கவிழ்த்து வைத்துவிட்டு, கூண்டிலிருந்து கழி, பெட்டி, வைக்கோல், தரையில் பரப்பிய உமி அனைத்தையும் வெளியே எடுங்கள். உமியையும் வைக்கோலையும் எரித்துவிடுங்கள். கழிகளின் மேல் கொதிக்கும் நீரை ஊற்றி, கடும் வெயிலில் காயப் போடுங்கள். விரிசல் விழுந்த கழியையும் பிளந்த மூங்கிலையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், ஏனென்றால் மூங்கிலின் உட்குழல் பூச்சிக்கு வீடு. பட்டை உரித்த சவுக்குக் கழி போடலாம். மூங்கில்தான் வேண்டுமென்றால் இரு முனைகளையும் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடையுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசி, உள்பக்கம் முழுவதும் சுண்ணாம்புப் பால் அடித்து, முற்றிலும் காய்ந்த பின்பே கோழிகளை விடுங்கள். கழியின் அடிப்பக்கத்திலும் அது சுவரில் பொருந்தும் முனைகளிலும் வேப்பெண்ணெய் தடவுங்கள். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் வேண்டாம். கோழியின் காலும் நெஞ்சும் புண்ணாகும், தீ பற்றும் அபாயமும் உண்டு.

ஏழாம் நாள் இதே வேலையை மீண்டும் செய்ய வேண்டும். வெப்பமான காலத்தில் இந்தப் பூச்சியின் முட்டை முதிர்ந்து அடுத்த தலைமுறை உருவாக ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகிறது. முதல் நாள் தப்பிய முட்டைகளை அப்போதுதான் பிடிக்க முடியும். கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டுவிட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று எண்ணக்கூடாது. தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது அது. பகலில் கோழிகள் புரள்வதற்கு, காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி அமைத்துக் கொடுங்கள். மருந்து தெளிக்க வேண்டிய அளவுக்குப் போய்விட்டால் அளவையும், முட்டையை எத்தனை நாள் உண்ணாமல் விட வேண்டும் என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

துணியில் கறை படியவில்லை என்றால், கூண்டில் அண்மையில் என்ன மாறியது என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே தொங்கவிட்ட ஒரு நீலநிற பிளாஸ்டிக் பை, இடம் மாற்றிய கதவு, பக்கத்தில் புதிதாகக் கட்டிய நாய் ஆகியவையே கோழிக்குப் போதுமான காரணங்கள்.

வாசல் வரை வந்து கூடி நின்று, உள்ளே போகாமல் தத்தளிக்கின்றன

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்க உள்ளே இருட்டாக இருப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். மங்கலில் கண் தெரியாத பறவை, தனக்குத் தெரியாத இருட்டுக்குள் தலையை நுழைக்காது. கூண்டின் மேற்குப் பக்கச் சுவரில் கம்பிவலை வைத்த ஒரு திறப்பு இருந்தால் மறையும் சூரியனின் வெளிச்சமே உள்ளே விழும். இல்லையென்றால் ஒரு சிறு பல்பை உள்ளே இருபது நிமிடம் எரியவிட்டு, கோழிகள் கழியில் ஏறிக் குந்திய பிறகே அணையுங்கள். ஏறுவதற்கு முன் அணைத்துவிட்டால் எல்லாம் தரையில் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மாறாக, தெருவிளக்கு கொல்லையில் பட்டுக்கொண்டிருந்தால் கோழிக்குப் பொழுது போனதே தெரியாது. கூண்டின் வாசல் அந்த வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி திருப்பி வைத்தாலே சரியாகிவிடும். வாசலில் ஒரு வல்லமையான பெட்டை நின்று, உள்ளே வருபவற்றைக் கொத்துகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் ஓரடி அகலமுள்ள வாசலை இன்னும் அகலமாக்கலாம் அல்லது இரண்டாவதாக ஒரு வாசல் வைக்கலாம்.

உள்ளே போன பிறகு கழியில் சண்டை ஓய்வதில்லை

பத்து நிமிடம் வரை தள்ளுமுள்ளு இருப்பது இயல்பு. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரப்-எப்பே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். அந்த வரிசைப்படிதான் இரவில் இடம் பிடிப்பதும் நடக்கிறது. அரை மணி நேரம் கடந்தும் அடங்கவில்லை என்றால் இடம் போதவில்லை. ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. கழி நீளம் வேண்டும். சுவரிலிருந்து கழி 25 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும், இரு கழிகளுக்கிடையே ஓரடி இடைவெளி வேண்டும். பலர் ஏணிப்படி போல ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கழி வைக்கிறார்கள். கோழிகளுக்கு உயரமான இடமே மதிப்பான இடம் என்பதால், எல்லாம் மேல்கழிக்கே மோதும். ஒரே உயரத்தில் இரண்டு மூன்று கழிகள் வைத்தால் பாதிச் சண்டை அன்றே தீரும். கழி ஏறக்குறைய 5 செ.மீ. தடிமனும், தரையிலிருந்து இரண்டடி உயரமும் இருந்தால் போதும். அசில் போன்ற கனத்த கோழிக்கு ஒன்றரை அடியே நல்லது. உயரத்திலிருந்து தினமும் காலையில் குதித்தால் உள்ளங்கால் அடிபட்டுச் சீழ்க்கட்டி வரும்.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு வளர்ந்த சேவல்களை ஒரே கூண்டில் அடைத்துவிட்டுப் பெட்டைகள் அமைதியாக உறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கழியில் ஏறாமல் முட்டைப் பெட்டியில் உறங்குகின்றன

முட்டைப் பெட்டி கழியைவிட உயரத்தில் இருந்தால் இது நடக்கும். பெட்டியைக் கழிக்குக் கீழே இறக்குங்கள். மாலை நான்கு மணிக்குப் பெட்டி வாயை ஒரு பலகையால் மூடி, இருட்டியபின் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்தில் பழக்கம் மாறும். பஞ்சாரத்தில் வளர்ந்த இளங்கோழிகளுக்குக் கழியே புதிது என்பதால் அரையடி உயரத்தில் ஒரு சிறு கழி வைத்துப் பழக்குங்கள்.

ஒரே ஒரு கோழி மட்டும் பெட்டியை விட்டு எழாமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமினால் அது அடைக்கோழி. நல்ல முட்டைகளை வைத்து 21 நாள் தனியே அடைகாக்க விடலாம். வேண்டாமென்றால், அடிப்பக்கம் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் அடை தெளியும். மூக்கில் இறகைச் செருகுவது வீண் வதை.

இரவில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன, சிறகை அகட்டி நிற்கின்றன

கோழிக்கு வியர்வை இல்லை. மூச்சிரைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணிக்க முடியும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கோழியின் முதுகில் இறக்கும். கூரை மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ கனமாகப் பரப்புங்கள். கழியில் அமர்ந்த கோழியின் தலைக்கு மேல், எதிரெதிர்ச் சுவர்களில் வலையிட்ட திறப்புகள் இருந்தால் சூடான காற்று வெளியேறும், கோழியின் மேல் நேராக வீசாது. காலையில் கதவைத் திறந்ததும் கண் எரியும்படி நெடி அடித்தால், ஈர எச்சத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது என்று பொருள்; தரை உமியை மாற்றி, இரண்டு அங்குலம் உலர்ந்த உமியோ கடலைத்தோலோ பரப்புங்கள். மழைக்காலத்தில் காற்றடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா தொங்கவிடுங்கள், எல்லாப் பக்கத்தையும் மூட வேண்டாம்.

நள்ளிரவில் திடீரென்று கூட்டமாக அலறுகின்றன

உடனே போய்ப் பாருங்கள், ஆனால் கையில் விளக்கில்லாமல் கூண்டுக்குள் கை விடாதீர்கள். உள்ளே நாகம் இருக்கலாம். காலையில் தடயம் பேசும். முட்டை ஓடு கூட இல்லாமல் மறைந்திருந்தால் பாம்பு. கூரை விலகி ஒரு கோழி கடிபட்டுக் கிடந்தால் பெரும்பாலும் மரநாய். பல கோழிகள் தின்னப்படாமல் செத்துக் கிடந்தால் நாய். தரையோரம் துளையிருந்து குஞ்சுகள் குறைந்தால் பெருச்சாளி. கீரி பகலில் வேட்டையாடுவது, எனவே இரவுச் சாவுக்கு அதன் மேல் பழி போட வேண்டாம்.

கோழிவலை என்று கடையில் விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரே இரவில் பத்துக் கோழியை இழந்தவர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்கள். கூண்டை இரண்டடி கால்களின் மேல் நிறுத்துங்கள் அல்லது சுற்றிலும் ஓரடி அகலத்துக்குக் கல் பாவுங்கள். இரவில் தீனித்தட்டை உள்ளே விடாதீர்கள்: தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் கூடாது. மரநாயும் பாம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை, வைத்த விஷம் பல நேரம் நம் வீட்டு நாயையே கொல்லும்.

ஒரு கோழி மட்டும் தனியே தரையில் ஒடுங்கி நிற்கிறது

மற்றவை எல்லாம் ஏறியிருக்க ஒன்று மட்டும் ஏறவில்லை என்றால், குறை கூண்டில் இல்லை, அந்தக் கோழியில் இருக்கிறது. தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் கட்டி. இரவு பத்து மணிக்கு ஊர்ச்சத்தம் அடங்கியபின் கூண்டருகே காதைக் கொடுத்துக் கேளுங்கள். பகலில் கேட்காத கொரகொரப்பும் தும்மலும் அப்போது தெளிவாகக் கேட்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் அது வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயாக இருக்கக்கூடும். அதை வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை, ஆண்டுதோறும் பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைத் தவறாமல் கொண்டுபோவதுதான் காப்பு.

இன்னொரு சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. இரவில் கோழியின் நெஞ்சுக்கு மேல் வலப்புறமாகத் தடவினால் தீனிப்பை எலுமிச்சை அளவுக்காவது நிரம்பியிருக்க வேண்டும். விடியலில், தீனி போடும் முன் தடவினால் தட்டையாகக் காலியாகியிருக்க வேண்டும். இரவிலேயே காலியாக இருந்தால் அது பகலில் தின்னவில்லை, மற்றவை தின்ன விடவில்லையா என்று பார்க்க வேண்டும். காலையிலும் கல் போலவோ, தண்ணீர்ப்பை போலவோ நிறைந்திருந்தால் தீனி அடைத்துக்கொண்டிருக்கிறது. உடனே தனியே பிரித்து, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தேறிய பிறகு அதைப் பட்டப்பகலில் கூட்டத்தில் விட்டால் புதியவளென்று நினைத்து மற்றவை கொத்தும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, முன்பு எந்தக் கோழியின் பக்கத்தில் உறங்கியதோ அதன் பக்கத்திலேயே கழியில் அமர்த்திவிட்டு, மறுநாள் காலை நீங்களே அருகில் நின்று கதவைத் திறந்துவிடுங்கள்.